திரைவாசிப்பானைக் குறுவட்டிலிருந்து நிறுவுதல்

திரைவாசிப்பானைக் குறுவட்டிலிருந்து நிறுவுதல் என்பது, கணினித் திரையில் உள்ள எழுத்துகளையும் பட்டிகளையும் பொத்தான்களையும் பேச்சொலியாகவோ பிரெய்லாகவோ மாற்றித் தரும் மென்பொருளை ஒளியியல் வட்டு ஒன்றின் வழியாகக் கணினியில் இடும் செயல்முறை ஆகும். பார்வையற்றோரும் பார்வைக் குறைபாடு உடையோரும் கணினியைப் பிறர் துணையின்றிப் பயன்படுத்துவதற்கு இதுவே முதற்படி.

பிற மென்பொருள்களை நிறுவுவதற்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. திரையைப் படித்துச் சொல்ல வேண்டிய கருவி இன்னும் கணினியில் இல்லாத வேளையில்தான் இந்த நிறுவல் நடைபெறுகிறது. இடையில் பிழை நேர்ந்தால் அதற்கான செய்தி திரையில் தோன்றும். பார்வையற்ற பயனருக்கோ அமைதி மட்டுமே கிடைக்கும். அந்த அமைதி ஒலிபெருக்கி இணைக்கப்படாததாலும் வரலாம், வட்டு கீறப்பட்டதாலும் வரலாம், கணினி அனுமதி கேட்டுக் காத்திருப்பதாலும் வரலாம். ஒரு வகை அமைதியை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவதே இந்நிறுவலில் பிழை நீக்குதலின் சாரம் ஆகும்.

பெயர்

இவ்வகை மென்பொருள் தமிழில் திரைவாசிப்பான், திரைபடிப்பான், திரைநவிலி எனப் பலவாறாக அழைக்கப்படுகிறது. என்விடிஏ மென்பொருளின் தமிழாக்கத்தில் திரைநவிலி என்ற சொல் ஆளப்பட்டுள்ளது. இக்கட்டுரையில் திரைவாசிப்பான் என்ற சொல் பயன்படுத்தப்படுகிறது.

வரலாற்றுப் பின்னணி

பரவலாக அறியப்பட்ட திரைவாசிப்பான்களுள் ஒன்றான ஜாஸ், டாஸ் இயங்குதளத்துக்காக 1989-இல் வெளியிடப்பட்டது. விபத்தொன்றில் பார்வையை இழந்த அமெரிக்கரான டெட் ஹென்டர் இதனை உருவாக்கியவர். விண்டோசுக்கான பதிப்பு 1995-இல் வெளிவந்தது. இது விலை கொடுத்து உரிமம் பெற வேண்டிய மென்பொருள். இதன் குறுவட்டைக் கணினியில் இட்டால் நிறுவல் நிரலே பேசியவாறு பயனரை வழிநடத்தும். பார்வையற்றவர் தாமே நிறுவிக்கொள்ள முடியும் என்பதை இவ்வசதி நடைமுறையில் காட்டியது.

ஆத்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கரன் 2006-இல் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அவருடன் பார்வையற்ற மற்றொரு நிரலாளரான ஜேம்ஸ் டே இணைந்தார். இது கட்டற்ற மென்பொருள். எனவே எவரும் இதைப் படியெடுத்துப் பிறருக்கு வழங்கலாம். விலையைத் தாங்க இயலாத மாணவர்களிடம் குறுவட்டு வழியாகத் திரைவாசிப்பானைக் கொண்டு சேர்ப்பதற்கு இந்த உரிமை இடமளித்தது.

லினக்சு வழங்கல்களில் ஓர்கா என்ற திரைவாசிப்பான் பயன்படுகிறது. ஆப்பிள் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட மாக் ஓஎஸ் எக்ஸ் 10.4 பதிப்பிலிருந்து வாய்ஸ்ஓவர் இயங்குதளத்துடனேயே வருகிறது. விண்டோசில் நரேட்டர் என்ற எளிய திரைவாசிப்பான் விண்டோஸ் 2000 முதல் உள்ளது.

குறுவட்டின் தேவை

இந்தியாவில் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பார்வைக் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 50.3 இலட்சம் பேர். இவர்கள் அனைவரும் பெருநகரங்களில் வாழ்வோர் அல்லர். எடுத்துக்காட்டாக, காரைக்கால் மாவட்டத்தைச் சேர்ந்த நெடுங்காடு புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு உட்பட்டது. ஆனால் காரைக்கால் மாவட்டம் நிலப்பக்கம் முழுவதும் தமிழ்நாட்டால் சூழப்பட்ட தனித்த பகுதி. தலைநகரான புதுச்சேரி சாலை வழியாக நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இத்தகைய ஊரில் ஒரு மாணவரின் நிறுவல் பாதியில் நின்றால், அறிந்தவர் ஒருவர் வரும்வரை அக்கணினி அவருக்குப் பயன்படாது. தொலைபேசியில் உதவுபவரும் திரையைக் காண இயலாது. இருபுறமும் சான்றாகக் கொள்ளக்கூடியது ஒலி மட்டுமே.

மெதுவான இணைய இணைப்பில் பெரிய கோப்பைப் பதிவிறக்குவது கடினம். பதிவிறக்கம் முடிந்துவிட்டதா என்பதை அறியவும் திரைவாசிப்பான் தேவை. ஆகவே முழுமையாகப் பதியப்பட்ட வட்டு ஒன்று கையில் இருப்பது இவ்விடங்களில் உறுதியான வழியாக இருந்தது. இணையம் இல்லாத பழைய கணினிகளுக்கு இன்றும் இது பொருந்தும்.

பிழைகளும் தீர்வுகளும்

பிழை நீக்குதலைக் கீழ்க்காணும் வரிசையில் மேற்கொள்வது நல்லது. முந்தைய படி சரியாக இருப்பது உறுதியான பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். வரிசையை மாற்றினால், ஒலிபெருக்கி அணைந்திருப்பதை அறியாமல் மென்பொருளைப் பலமுறை நிறுவும் நிலை ஏற்படும்.

1. ஒலி வராமை

முதலில் கணினியிலிருந்து ஏதேனும் ஓர் ஒலி வருகிறதா என்று அறிய வேண்டும். விண்டோசில் ஷிப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால், இயல்பான அமைப்பில், ஓர் எச்சரிக்கை ஒலி கேட்கும். அதனுடன் திறக்கும் உரையாடல் பெட்டியை எஸ்கேப் விசையால் மூடலாம். இந்த ஒலி கேட்டால் விசைப்பலகை, ஒலி அட்டை, ஒலிபெருக்கி ஆகிய மூன்றும் இயங்குகின்றன என்பது தெளிவு.

ஒலி கேட்காவிட்டால் பின்வருவனவற்றைச் சோதிக்கலாம்:

* ஒலிபெருக்கியின் மின் இணைப்பும் ஒலியளவும்.
* செருகி சரியான துளையில் உள்ளதா என்பது. ஒலிவாங்கித் துளையில் செருகுவது அடிக்கடி நிகழும் தவறு.
* ஒலி வேறொரு கருவிக்குச் செல்கிறதா என்பது. எச்டிஎம்ஐ வடம் வழியாகத் திரை இணைக்கப்பட்டிருந்தால், ஒலிபெருக்கி இல்லாத அத்திரைக்கே ஒலி அனுப்பப்படலாம்.
* ஒலி அட்டைக்கான இயக்கி. இயங்குதளத்தை அண்மையில் மீள நிறுவிய கணினிகளில், குறிப்பாக விண்டோஸ் எக்ஸ்பியில், இது விடுபட்டிருக்கக்கூடும். தாய்ப்பலகையுடன் வந்த வட்டிலிருந்து இயக்கியை நிறுவிய பின்னரே திரைவாசிப்பானை முயல வேண்டும்.

2. வட்டு படிக்கப்படாமை

வட்டை இட்டதும் இயக்ககம் சுழலும் ஒலி கேட்கும். நலமான வட்டு சில நொடிகளில் சீராகச் சுழலத் தொடங்கும். சுழன்று நின்று மீண்டும் சுழல்வது, இயக்ககம் வட்டைப் படிக்கத் திணறுவதைக் குறிக்கும்.

வட்டு தலைகீழாக இடப்பட்டிருக்கலாம். பெரும்பாலான குறுவட்டுகளின் படிக்கும் பக்கத்தில், நடுத்துளையை அடுத்து மெல்லிய மேடான வளையம் ஒன்று உண்டு. விரலால் தடவி அதனை அறியலாம். கிடைநிலை இயக்ககத்தில் வளையமுள்ள பக்கம் கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

வட்டு அழுக்கடைந்திருந்தால் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். தடங்கள் சுருள் வடிவில் அமைந்திருப்பதால், வட்டமாகத் துடைக்கும்போது உண்டாகும் கீறல் ஒரே தடத்தில் நீண்ட பகுதியைக் கெடுக்கும். குறுவட்டில் தரவைத் தாங்கும் படலம் பெயர் அச்சிடப்பட்ட மேற்பக்கத்தை ஒட்டியே உள்ளது. ஆதலால் அப்பக்கத்துக் கீறல் கீழ்ப்பக்கத்துக் கீறலைவிடக் கேடு தரும். கூரிய முனையால் பெயர் எழுதுவதையும், பிரெய்ல் எழுத்துகளை வட்டின் மீதே நேரடியாகக் குத்துவதையும் தவிர்க்க வேண்டும். உறையின் மீது பிரெய்ல் ஒட்டுவது பாதுகாப்பானது.

வீட்டில் பதியப்பட்ட வட்டுகளில் வேறு இரு பிழைகள் உண்டு. ஒன்று, பதிவு முடிவில் வட்டு மூடப்படாமல் விடப்படுவது. இத்தகைய வட்டு பதிந்த கணினியில் திறக்கும், பிற கணினிகளில் திறக்காமல் போகலாம். மற்றொன்று, வட்டுப் படிமக் கோப்பை விரித்துப் பதியாமல் ஒரு தனிக் கோப்பாகவே பதிந்துவிடுவது. லினக்சு உயிர்வட்டுகளில் இத்தவறு நேர்ந்தால் கணினி வட்டிலிருந்து தொடங்காது.

வட்டு படிக்கப்பட்டாலும் கோப்பு சிதைந்திருக்கலாம். நிறுவல் நிரல்கள் பல தம் முழுமையைத் தாமே சரிபார்த்து, சிதைவு இருப்பின் பிழைச் செய்தியுடன் நின்றுவிடும். நிறுவல் கோப்பை முதலில் வன்தட்டுக்குப் படியெடுத்து அங்கிருந்து இயக்குவது நல்ல உத்தி. படியெடுத்தலே தடைப்பட்டால் குற்றம் வட்டினுடையது என்பது உறுதியாகும்.

3. தானாக இயங்காமை

விண்டோஸ் எக்ஸ்பி வரை குறுவட்டை இட்டவுடன் அதிலுள்ள நிறுவல் நிரல் தானாகவே தொடங்கியது. 2007-இல் பரவலாக வெளிவந்த விண்டோஸ் விஸ்டா முதல், என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் சாளரமே முதலில் தோன்றுகிறது. தீநிரல்கள் தாமாக இயங்குவதைத் தடுப்பது இதன் நோக்கங்களுள் ஒன்று. ஆனால் தானாகப் பேசத் தொடங்கும் எனக் கருதித் தயாரிக்கப்பட்ட பழைய வட்டுகள், புதிய கணினிகளில் பேசாமல் நிற்பதற்கும் இதுவே காரணம். வட்டில் குறையில்லை.

இதற்கான தீர்வு விசைப்பலகையிலேயே உள்ளது. விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தினால் இயக்குப் பெட்டி திறக்கும். அங்கு வட்டு இயக்ககத்தின் எழுத்து, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, நிறுவல் கோப்பின் பெயர் ஆகியவற்றை இடைவெளியின்றித் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்த வேண்டும். இயக்ககத்தின் எழுத்து பல கணினிகளில் டி அல்லது ஈ ஆக இருக்கும். இதனால் கோப்பின் சரியான பெயரை அறிந்திருப்பது முதன்மையானது.

என்விடிஏ நிறுவல் கோப்பு இயங்கத் தொடங்கியதும் ஒரு சிறு இசைத்துணுக்கு ஒலிக்கும். சற்று நேரத்தில் அதன் தற்காலிகப் படி பேசத் தொடங்கி, உரிம ஒப்பந்தத்தைக் காட்டும். நிறுவுதல், கொண்டுசெல்தகு படியை உருவாக்குதல், நிறுவாமலேயே தொடர்தல் ஆகிய தெரிவுகள் கிடைக்கும். இசை கேட்டுப் பேச்சு வராவிட்டால், கோப்பு இயங்கியுள்ளது, சிக்கல் பேச்சொலியாக்கியில் உள்ளது எனக் கொள்ளலாம். இசையும் கேட்காவிட்டால் கோப்பு தொடங்கவே இல்லை என்று கருத வேண்டும்.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், என்டர் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி நரேட்டரைத் தொடங்கலாம். பழைய பதிப்புகளில் விண்டோஸ் விசையுடன் யூ விசை அணுகல் வசதிகளைத் திறக்கும். நிறுவல் முடியும்வரை நரேட்டரைத் துணையாகக் கொள்வது தனித்துச் செயல்பட உதவும்.

4. அனுமதித் திரையில் நிற்றல்

கணினியில் மென்பொருளை நிறுவ நிருவாகி உரிமை தேவை. விஸ்டா முதல் கணினி இதற்கான ஒப்புதலைக் கேட்கும்போது, வழமையான மேசைத்தளத்தை மறைத்துப் பாதுகாக்கப்பட்ட தனித் திரையொன்றைக் காட்டுகிறது. தற்காலிகப் படியாக இயங்கும் என்விடிஏ அத்திரையைப் படிக்க இயலாது. எனவே நன்கு பேசிக்கொண்டிருந்த நிறுவல் திடீரென்று நின்றுபோனது போலத் தோன்றும். பயனர் பலர் இவ்விடத்தில் கணினியை அணைத்துவிடுகின்றனர். உண்மையில் கணினி ஒரு விடைக்காகக் காத்திருக்கிறது.

ஆங்கில இடைமுகம் உள்ள விண்டோசில் ஆல்ட் விசையுடன் ஒய் விசையை அழுத்தி ஒப்புதல் தரலாம். இடைமுக மொழி வேறாக இருப்பின் இவ்விசை மாறக்கூடும். சில வேளைகளில் அனுமதிச் சாளரம் முன்னால் வராமல் பணிப்பட்டையில் தங்கிவிடும். அப்போது ஆல்ட், டேப் விசைகளால் அதனை அடையலாம். பள்ளி, நூலகம் போன்ற பொதுக் கணினிகளில் நிருவாகியின் கடவுச்சொல் கேட்கப்படும். அது இல்லையெனில் நிறுவலைக் கைவிட்டு, கொண்டுசெல்தகு படியைப் பயன்படுத்துவதே வழி.

5. பதிப்புப் பொருந்தாமை

விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா ஆகியவற்றில் இயங்கும் இறுதி என்விடிஏ பதிப்பு 2017.3 ஆகும். விண்டோஸ் 7-க்கு 2023.3 வரிசை இறுதியானது. இவற்றுக்குப் பிந்தைய பதிப்பைப் பழைய கணினியில் நிறுவ முயன்றால் அது இயங்காது. எனவே வட்டின் உறையில் மென்பொருளின் பதிப்பெண்ணும் அதற்குரிய இயங்குதளமும் குறிக்கப்பட வேண்டும்.

பழைய திரைவாசிப்பான்கள் சில, திரைக்கு அனுப்பப்படும் தகவலை இடைமறிக்கும் இயக்கிகளைப் பயன்படுத்தின. அவை இயங்குதளத்தின் 32 பிட், 64 பிட் வகைக்கு ஏற்பத் தனித்தனியாக அமைய வேண்டும். நிறுவிய பின் கணினியை மீளத் தொடங்குவதும் கட்டாயம்.

6. உரிமச் சிக்கல்கள்

ஜாஸ் போன்ற வணிக மென்பொருள்களில் நிறுவலும் உரிமச் செயலாக்கமும் தனித்தனிப் படிகள். தொடக்ககாலத்தில் உரிமச் சாவி தனி நெகிழ்வட்டில் வழங்கப்பட்டது. பின்னர் இணையம் வழியான செயலாக்கம் வந்தது. உரிமம் செயலாக்கப்படாத ஜாஸ் 40 நிமிடங்கள் மட்டும் இயங்கும். அதன்பின் கணினியை மீளத் தொடங்கினால்தான் மறுபடியும் பேசும். இதனை நிறுவல் பிழையெனக் கருதி மென்பொருளை நீக்கி மீண்டும் இடுவது பயன் தராது.

7. இரண்டு திரைவாசிப்பான்கள்

ஒரே நேரத்தில் இரு திரைவாசிப்பான்கள் இயங்கினால் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒலிக்கும். ஒரே விசைக் கட்டளையை இரண்டும் ஏற்க முயலும். புதியது பேசத் தொடங்கியவுடன் மற்றதை நிறுத்த வேண்டும். அதேவேளை, புதியது முழுமையாக இயங்குவது உறுதியாகும் முன்பு பழையதைக் கணினியிலிருந்து நீக்கக் கூடாது. நீக்கிய பின் புதியது இயங்காவிட்டால் பயனர் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

என்விடிஏயில் இன்சர்ட் விசையுடன் எஸ் விசை பேச்சு முறையை மாற்றும். தெரியாமல் இதை அழுத்திப் பேச்சை நிறுத்திவிட்டு, மென்பொருள் பழுதாகிவிட்டதென எண்ணுவதும் உண்டு. பேச்சு திரும்பும்வரை அதே விசைகளை மீண்டும் மீண்டும் அழுத்த வேண்டும்.

தமிழ் தொடர்பான சிக்கல்கள்

நிறுவல் வெற்றி பெற்று ஆங்கிலப் பட்டிகள் படிக்கப்பட்ட பின்னரும், தமிழ் ஆவணத்தைத் திறக்கையில் அமைதியே கிடைக்கலாம். இதற்கு இரு காரணங்கள் உள்ளன.

முதலாவது குரல். திரைவாசிப்பான் எழுத்தைத் திரட்டித் தருகிறது. அதனை ஒலியாக்குவது பேச்சொலியாக்கி என்ற தனி மென்பொருள். தமிழ் அறியாத குரல்கள் தமிழ் எழுத்துகளைத் தாண்டிச் செல்லும், அல்லது பொருளற்ற குறிப்புகளாக ஒலிக்கும். ஜொனாதன் டடிங்டன் உருவாக்கிய ஈஸ்பீக் என்ற கட்டற்ற பேச்சொலியாக்கி தமிழையும் ஏற்கிறது. 2015-இல் அதிலிருந்து ஈஸ்பீக் என்ஜி கிளைத்தது. இது என்விடிஏயுடனேயே வருவதால் தனி நிறுவல் தேவையில்லை. அளவில் மிகச் சிறியது. குரல் இயந்திரத்தன்மை உடையது. சென்னை ஐஐடி தலைமையிலான கூட்டமைப்பு, எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரி உள்ளிட்ட நிறுவனங்களின் பங்களிப்புடன், இந்திய மொழிகளுக்கான பேச்சொலியாக்கிகளை உருவாக்கி என்விடிஏ, ஓர்கா ஆகியவற்றுடன் இணைத்தது. விண்டோஸ் 10 முதல் மைக்ரோசாப்டின் வள்ளுவர் என்ற தமிழ்க் குரலும் கிடைக்கிறது. என்விடிஏயில் கண்ட்ரோல், இன்சர்ட், எஸ் விசைகளை அழுத்தினால் பேச்சொலியாக்கியைத் தெரிவு செய்யலாம். 32 பிட் நிரலாக இயங்கும் திரைவாசிப்பானுக்கு, 64 பிட் வகையில் மட்டும் பதிவான குரல் பட்டியலில் தென்படாது என்பதும் கருதத்தக்கது.

இரண்டாவது குறியாக்கம். ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்க் கோப்புகள் பாமினி, தஸ்கி, டாம், டாப் எனப் பல முறைகளில் எழுதப்பட்டன. தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் ஆகியவற்றை ஏற்றது. 2010-இல் ஒருங்குறிக்கு மாறியது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று காட்சியளிக்கும் சொல், கணினியின் நினைவகத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே உள்ளது. கண்ணுக்கு அது தமிழ். திரைவாசிப்பான் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, குறியெண்ணைப் படிக்கிறது. ஆகையால் காதுக்கு அது பொருளற்ற ஒலி.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பியில் சிக்கலான எழுத்து வடிவங்களுக்கான கோப்புகள் நிறுவப்படாவிட்டால் ஒருங்குறித் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரியும். அவற்றை நிறுவ இயங்குதளத்தின் குறுவட்டும் தேவைப்பட்டது. ஆயினும் தமிழ்க் குரல் உள்ள திரைவாசிப்பான் அக்கட்டங்களுக்குப் பின்னுள்ள சொற்களைச் சரியாகவே படிக்கும். திரையைப் பார்த்து உதவுபவர் பழுது என்று முடிவு செய்யும் கோப்பு பயனருக்கு நலமானதாகவும், நலம் என்று முடிவு செய்யும் கோப்பு பயனருக்குப் பயனற்றதாகவும் இருக்கக்கூடும். எனவே தமிழ்க் கோப்பைச் சோதிக்கையில் கேட்பவரின் சொல்லே முடிவானது. பழைய குறியாக்கக் கோப்புகளை எழுத்துரு மாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றினால் இச்சிக்கல் தீரும்.

வட்டு தயாரிப்போர் கவனிக்க வேண்டியவை

* நிறுவல் கோப்பை வட்டின் முதல் அடைவிலேயே, எளிதில் தட்டச்சு செய்யக்கூடிய குறும்பெயருடன் வைத்தல்.
* இயங்குதளம் வாரியாகப் பொருத்தமான பதிப்புகளைத் தனித்தனி அடைவுகளில் வைத்தல்.
* நிறுவாமல் இயங்கும் கொண்டுசெல்தகு படியைச் சேர்த்தல்.
* அறிவுறுத்தல்களை ஒலிக்கோப்பாகத் தமிழில் பதிந்து, சாதாரண ஒலி இயக்கியிலும் கேட்குமாறு தனி ஒலிவட்டாக வழங்குதல். அறிவுறுத்தலைப் படிக்கத் திரைவாசிப்பான் தேவைப்படக் கூடாது.
* பதிந்த பின் திரையை அணைத்துவிட்டு, விசைப்பலகையாலும் காதாலும் மட்டும் ஒருமுறை முழுமையாக நிறுவிப் பார்த்தல்.

இன்றைய நிலை

புதிய மடிக்கணினிகள் பெரும்பாலும் வட்டு இயக்ககம் இன்றியே வருகின்றன. யூஎஸ்பி நினைவகமும் பதிவிறக்கமும் குறுவட்டின் இடத்தைப் பிடித்துள்ளன. இயங்குதளங்களிலேயே திரைவாசிப்பான் அமைந்திருப்பதால் தொடக்க அமைதியின் ஒரு பகுதி நீங்கியுள்ளது. எனினும் ஒலி, ஊடகம், தொடக்கம், அனுமதி, பதிப்பு, உரிமம், குரல், குறியாக்கம் என்ற சோதனை வரிசை எந்த ஊடகத்துக்கும் பொருந்தும். பயனர் இவ்வரிசையை அறிந்திருந்தால், நிறுவல் நின்ற இடத்தைத் தாமே கண்டறிந்து, தேவையான உதவியை மட்டும் துல்லியமாகக் கேட்டுப் பெற முடியும்.